போகப்போகிறவர்களின் பூசணிக்காய்

இன்னும் மூன்று கிழமையில் விமானம் என்று எங்களுக்குச் சொன்ன பிறகுதான் அந்தப் பூசணிக்காய் வீட்டுக்கு வந்தது. அதனால் அந்தக் கதையை யாராவது பகிடியாகச் சிரித்துக்கொண்டு கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். நாங்கள் அதைப் பகிடிக்கு வெட்டவில்லை.

நாங்கள் மூன்று பேர். நான், இவர், எங்கள் மகள். இலங்கையிலிருந்து இந்த மலாய் நாட்டுக்கு வந்து இறங்கியபோது அவளுக்கு மூன்று வயது, பூசணிக்காய் வந்தபோது பத்து. இடையில் ஏழு வருடம் போயும் நாங்கள் இங்கே புதிதாக வந்தவர்கள்தான். கையில் அகதி அட்டை இருக்கிறது. அந்த அட்டையை வைத்துக்கொண்டு வேலை செய்யச் சட்டம் இடம் தராது, அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கவும் முடியாது. பொலிஸ் மறித்தால் எடுத்துக் காட்டலாம், நல்ல மனிதன் என்றால் விட்டுவிடுவான். அதன் மகிமை அவ்வளவுதான். இவர் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பண்டமாரானில் ஏழெட்டுப் பேரோடு ஓர் அறையில் தங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கொமியூட்டர் ரயில் ஏறி எங்களிடம் வருவார். நானும் மகளும் கம்போங் மேடானில் ஓர் அடுக்குமாடியில் ஆறாவது மாடியில் இருந்தோம். லிஃப்ட் வேலை செய்கிற நாளில் படிக்கட்டுக்கு வாய் இருந்தால் நன்றி சொல்லும்.

ஒரு வெளிநாடு எங்களை எடுத்துக்கொள்வதாக முடிவாகியிருந்தது. எந்த நாடு என்று எழுதமாட்டேன். எழுதி என்ன, அது உட்கார்ந்து என்னை வாசிக்கவா போகிறது? அந்த நாட்டிடம் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வருடம் முடிந்தால் அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிடுகிற ஒரு பள்ளிக்கூடம். வீடு வேண்டாம், கார் வேண்டாம், எனக்கு அந்தக் குளிர்கூட வேண்டாம். இங்கே அவள் படித்தது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேலே, தொண்டர்கள் நடத்திய ஒற்றை அறையில். ஆறு வயதுப் பிள்ளையும் பதினைந்து வயதுப் பிள்ளையும் ஒரே பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும். என்ன வகுப்புப் படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் மகள் "மேல் மாடி" என்பாள்.

அங்கே ஒரு வெள்ளைக்கார டீச்சர் இருந்தா. நாங்கள் போகவிருந்த அதே நாட்டுக்காரி. எங்களோடு சேர்த்து நாலு குடும்பத்துக்குப் பயணத் தேதி வந்திருந்தது. அந்த நாலு பிள்ளைகளையும் தனியாகக் கூப்பிட்டு ஆளுக்கொரு கடதாசி கொடுத்து அனுப்பியிருக்கிறா. அவர்கள் நாட்டில் ஹாலோவீன் என்று ஒரு நாள் வருமாம். பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே மெழுகுதிரி கொளுத்தி வாசலில் வைப்பார்களாம். போய் இறங்கிய பிறகு பிள்ளைகள் மிரளாமல் இருக்க, குடும்பமாக உட்கார்ந்து ஒன்று செய்து திங்கட்கிழமை கொண்டுவரவேண்டுமாம்.

போகிற பிள்ளைகளுக்கு மட்டும் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. இது பரீட்சை.

என்னைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம். ஏழு வருடத்தில் எத்தனை நேர்முகத்துக்குப் போயிருப்போம் என்று எனக்கே நினைவில்லை. ஒருமுறை ஓர் அதிகாரி, தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று சும்மா கேட்பது போலக் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அதையும் குனிந்து எழுதினார். இன்னொருமுறை இவர், ஊரில் தன் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனது எந்த மாதம் என்பதை ஒரு மாதம் தள்ளிச் சொல்லிவிட்டார். அந்த ஒரு மாதத்துக்கு எங்கள் ஃபைல் இரண்டு வருடம் தூங்கியது. ஆனபடியால் எங்கள் வீட்டில் எதுவும் சும்மா நடப்பதில்லை. காய்ச்சல் வந்தால்கூட எந்தத் தேதியில் வந்தது என்று எழுதி வைப்பேன்.

இவருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"விசரே உமக்கு? பூசணிக்காயைப் பாத்து விசா குடுப்பினமே?"

"அப்ப ஏன் போற பிள்ளையளுக்கு மட்டும் குடுத்தவ? மற்றப் பிள்ளையள் பூசணிக்காய் கண்டதில்லையோ?"

போகிற பிள்ளைகளுக்கு மட்டும்தானா என்று திரும்பவும் ஒருதரம் கேட்டார். பிறகு, "அப்ப வடிவாச் செய்யுங்கோ" என்றார். அவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

மகளுக்குக் கேள்வி கேட்டுப் பழக்கினேன். ஹாலோவீன் என்றால் என்ன, ஏன் கொண்டாடுகிறார்கள், உனக்குப் பிடிக்குமா. எல்லாவற்றுக்கும் டக்கென்று சொன்னாள். பிறகு அவளே ஒன்றைக் கேட்டாள்.

"அம்மா, பேயை நம்புறியா எண்டு கேட்டா என்னலா சொல்றது?"

"முதல் இந்த ஊர் லாவை விடு. அங்க போய் லா எண்டா ஆருக்கும் விளங்காது."

ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. நம்புகிறோம் என்றால் மூடநம்பிக்கைக்காரர் என்று நினைப்பார்கள். நம்பவில்லை என்றால் தங்கள் பண்டிகையை மதிக்கவில்லை என்று நினைப்பார்கள். அரை மணித்தியாலம் யோசித்து ஒரு பதிலைக் கண்டுபிடித்தேன்: "நாங்கள் கற்றுக்கொண்டிருக்கிறோம்." எந்த அதிகாரியும் அதில் பிழை பிடிக்கமுடியாது. அதை ஆங்கிலத்தில் பத்துத்தரம் சொல்லவைத்தேன்.

ஞாயிறு காலை சந்தைக்குப் போனேன். டீச்சரின் படத்தில் இருந்தது உருண்டையாக, செம்மஞ்சளாக, பளபளவென்று இருந்தது. சந்தையில் இருந்தவையோ தட்டையாக, பச்சையும் சாம்பலும் கலந்து, முதுகு முழுக்க வரிவரியாக. இருந்ததிலே கொஞ்சமாவது உருண்டையாக இருந்த ஒன்றைப் பொறுக்கி ஆறு மாடியும் தூக்கிக்கொண்டு ஏறினேன். கை விட்டுப்போயிற்று.

இவர் மத்தியானம் வந்துவிடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. கப்பல் பிந்திவிட்டதாம், கொள்கலன் இறங்குகிறதாம், போகவிடமாட்டேன் என்கிறாராம் முதலாளி. எனக்கு வந்த ஆத்திரத்தை அந்த முதலாளிமேல் எப்படிக் காட்டுவது? தொலைபேசியை வைத்துவிட்டேன்.

மகள் கடதாசியை விரித்து வைத்துக்கொண்டு, "நாங்களே வெட்டுவம் அம்மா. முதல்ல மேல மூடி மாதிரி ஒண்டு வெட்டவேணுமாம்" என்றாள்.

"நான் வெட்டமாட்டன்."

"ஏன்?"

முழுப் பூசணிக்காயில் முதல் வெட்டைப் பெண்கள் போடுவதில்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தான். ஆண் ஒருவர் பிளந்து தந்தால் அதற்குப் பிறகு நாங்கள் எப்படி வேண்டுமானாலும் நறுக்கிக்கொள்ளலாம். குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். மற்ற நாளாக இருந்தால் நான் இதையெல்லாம் பார்ப்பவளா என்று தெரியாது. ஆனால் விமானத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, போயும் போயும் ஒரு பூசணிக்காயில் வம்பை விலைக்கு வாங்க நான் தயாராக இல்லை. அந்த நாட்களில் தும்மினால்கூட உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வெளியே போனேன்.

பக்கத்து வீட்டில் லோரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் இருந்தார். இந்த நாட்டுத் தமிழர், நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை என்றால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் போய், இவர் வரவில்லை, பூசணிக்காயில் முதல் வெட்டை நீங்கள் போட்டுத் தரவேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

"அலாமாக்! ஒரு லாபு வெட்டறதுக்கா இவ்ளோ யோசனை? எங்க வீட்லயும் நான்தான்லா முத வெட்டு. நீங்க போங்க தங்கச்சி, நான் கத்தி எடுத்துட்டு வரேன்."

லோரியில் வைத்திருக்கிற பாராங் கத்தியோடு வந்தார். அரைக் கை நீளம் இருக்கும். பூசணிக்காயைத் தரையில் வைத்து, சாமியை நினைத்து நெற்றியைத் தொட்டுக்கொண்டார். நானும் கும்பிட்டேன். மகள் கடதாசியோடு சமையலறையில் இருந்து ஓடிவந்து, "அங்கிள், மேல மட்டும்—" என்று வாயெடுத்தாள்.

ஒரே போடு. பூசணிக்காய் நடுவால் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி கதவடிக்கும் மறு பாதி கட்டிலடிக்கும் உருண்டன.

பூசணிக்காயில் ஓர் ஆண் முதல் வெட்டுப் போடுவது என்றால் எங்கள் ஊரிலும் இதுதான், அவர் ஊரிலும் இதுதான். மூடியை மட்டும் எடுத்துத் தாருங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. முதல் வெட்டு ஆண் கையால் விழவேண்டும் என்பது ஒன்றுதான் என் மண்டைக்குள் நின்றது.

மகள் குழறினாள் பாருங்கள் ஓர் அழுகை! ஆறாம் மாடியில் இருந்த வீடெல்லாம் கதவைத் திறந்து பார்த்தது.

"என்னா ஆச்சு? நல்லாத்தானே வெட்டினேன்?" என்று அண்ணன் திகைத்துப்போய் நின்றார். மகள் விக்கி விக்கிப் படத்தைக் காட்டினாள். அவர் படத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஐயோ பாப்பா! எனக்கு எப்படிலா தெரியும்? சாம்பாருக்குன்னுல நெனச்சேன்!"

சிரிப்பு வந்திருக்கவேண்டிய இடம். எனக்கு வரவில்லை. சந்தை மூடியிருக்கும். திங்கள் காலை கொண்டுபோகவேண்டும். அண்ணன் கீழே போய், இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுட்டுச் சாத்தே விற்கிறவரிடம் ஒரு கட்டுக் குச்சி வாங்கிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். இரண்டு பாதியையும் கரண்டியால் சுரண்டினோம். இந்த ஊர்க் காயின் சதை தடிப்போ தடிப்பு, கரண்டி வளைந்தது. ஒரு பாதியில் ஒரு கண், மறு பாதியில் மறு கண், வாய் இரண்டிலும் பாதி பாதி. பிறகு குச்சிகளைக் குத்தி இரண்டையும் பொருத்தி, சுற்றிலும் ஒட்டு நாடா ஒட்டினோம். ஒரு கண் மற்றதைவிட ஒரு விரல் கீழே இறங்கி நின்றது. நடுவில் பிளவு. மெழுகுதிரி வைத்துப் பார்த்தோம், கண்ணைவிடப் பிளவால்தான் வெளிச்சம் கூடுதலாக வந்தது.

"பேய் மாதிரித்தான்லா இருக்கு. பேய்தானே வேணும்?" என்றார் அண்ணன், மகளைத் தேற்ற.

சுரண்டிய சதையில் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்து அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். நான் சாப்பிடவில்லை. இறங்கவில்லை.

திங்கள் காலை அதை அரிசிப் பையில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு ரயிலில் போனோம். மேல் மாடியில் ஏற்கெனவே மூன்று பூசணிக்காய் மேசைமேல் இருந்தன. முழுசாக, மூடியோடு. பர்மாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று எங்கேயோ தேடி அந்தச் செம்மஞ்சள் காயையே வாங்கியிருந்தது. அவர்களை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். பாவம், அவர்களும் பரீட்சை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

டீச்சர் எங்களுடையதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. நல்ல சிரிப்புத்தான், குத்தலில்லை. படம் எடுத்தா. குனிந்து மகளிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டா. மகள் நிமிர்ந்து நின்று, கைகளைப் பக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டு, "நாங்கள் கற்றுக்கொண்டிருக்கிறோம்" என்றாள். இது பிளந்துபோனதற்கு நாங்கள் மன்னிப்புக் கேட்கிறோம் என்றும் சேர்த்துக்கொண்டாள். அது நான் சொல்லிக்கொடுக்காதது.

டீச்சரின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தா. நான் மகளிடம், "அந்தப் படம் ஃபைலுக்குப் போகுமோ எண்டு கேள். போகும் எண்டா வேற ஒண்டு செய்துகொண்டு வரலாமோ எண்டும் கேள்" என்றேன். மகள் கேட்டாள். டீச்சரின் கண் சிவந்துவிட்டது. இல்லை, இல்லை, இது விளையாட்டு, சும்மா விளையாட்டு என்று என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாலுதரம் சொன்னா. நான் தலையாட்டினேன். நம்பவில்லை. வீட்டுக்குப் போகும்வரை, ஒரு கண் இறங்கிப்போனதையே நினைத்துக்கொண்டு போனேன்.

பிறகு நாட்கள் ஓடின. இவர் கிடங்கு வேலையை விட்டுவிட்டு வந்தார். குளிர்சாதனப்பெட்டி, மெத்தை, சோற்றுச் சட்டி எல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். வீட்டுக்காரரிடம் மாத முடிவில் சாவி தருவதாகச் சொல்லியாயிற்று. மூன்று பேருக்கும் மூன்று பை. மகள் தன் பையில் முதலில் வைத்தது பென்சில் பெட்டி. அங்கே எந்த வகுப்பில் போடுவார்கள், நாலிலா ஐந்திலா என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். ஐந்தில்தான் போடுவார்கள் என்று நானும் அந்த நாட்டுக் கல்வி அமைச்சர் மாதிரிச் சொல்வேன்.

விமானத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அழைப்பு வந்தது. அகதி அலுவலகத்தில் மொழிபெயர்க்கிற பெண்ணின் குரல். பயணம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும்தான், எங்களுக்கு மட்டும் இல்லை. அந்த நாடு இப்போதைக்கு ஆட்களை எடுக்கவில்லை. ஃபைல் மூடப்படவில்லை, திறந்துதான் இருக்கிறது. மறு அறிவித்தல் வரும்.

"எப்ப வரும்?"

"தெரியாது அக்கா."

"நாங்கள் ஏதும் பிழை விட்டனாங்களோ?"

"இல்லை அக்கா. நீங்கள் ஒண்டும் செய்யேல்லை."

அந்தச் சொல்தான் என்னைக் கொன்றது. பிழை விட்டிருந்தால் திருத்தலாம். மாதத்தைப் பிழையாகச் சொன்னோமா, இரண்டு வருடம் இருந்து சரியாகச் சொன்னோம். நான் எதில் குறை வைத்தேன்? முதல் வெட்டைக்கூட ஆண் கையால்தானே போடவைத்தேன்! அன்றைக்குக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, எந்தச் சாமியையும் விடாமல் திட்டினேன். நாசமாய்ப் போக என்று அந்த நாட்டையும் திட்டினேன். வெளியே வந்தபோது இவர் மூன்று பைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். அவிழ்க்கவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. மெத்தையை லோரி அண்ணன் தன் வீட்டிலிருந்து திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

கிடங்கில் இவருடைய இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். இப்போது மீன் இறக்குகிற இடத்தில் வேலை. இடுப்பு போய்விட்டது, வேலை இருக்கிற நாளைவிட இல்லாத நாள் அதிகம். டீச்சரின் காலமும் முடிந்து அவ ஊருக்குப் போய்விட்டா. போகுமுன் மகளைக் கட்டிப்பிடித்து, அங்கே சந்திப்போம் என்றாவாம்.

இரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு மாதமும் நான் அழைத்துக் கேட்கிறேன். ஃபைல் திறந்துதான் இருக்கிறது.

போன மாதம் மேல் மாடியிலிருந்து புதிய டீச்சர் கூப்பிட்டா. இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளை.

"ஆன்டி, உங்க கேஸ் குளோஸ் ஆயிடுச்சா?"

"இல்லையே! ஆர் சொன்னது?"

"இல்ல ஆன்டி, வெளிநாடு போற பிள்ளைங்க லிஸ்ட்ல இருந்து உங்க பாப்பா பேரை அவளே வெட்டிட்டா. நாங்க போகல டீச்சர்னு சொல்றா. அதான் கேட்டேன்."

மகள் சோறு தின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. நான் முன்னால் போய் நின்றேன்.

"ஏன் பேரை வெட்டினனீ?"

"அந்த லிஸ்டில இருந்தா இங்கிலீசு வகுப்பு மட்டும்தான் அம்மா. மலாய் வகுப்பில எடுக்கமாட்டினம். ரெண்டும் ஒரே நேரம்."

"உனக்கு என்னத்துக்கு மலாய்? ஃபைல் திறந்துதானே இருக்கு! நீ படிக்கவேணும் எண்டுதானே நான் இவ்வளவு நாளும்—"

அவள் என்னை இடைமறிக்கவில்லை. நான்தான் நிறுத்திவிட்டேன். அவள் வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கிவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"கீழ பிளாஸ்டிக் சாமான் கடையில நிக்கிற அக்காவைக் கேட்டனான். மலாய் வடிவாக் கதைச்சா வேலைக்கு எடுப்பினமாம். பதினஞ்சு வயசு எண்டு சொல்லவேணுமாம். நான் உயரம்தானே அம்மா."

அடிக்கத்தான் கை ஓங்கினேன். அவள் பயப்படாமல் எழுந்து, தட்டை எடுத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள். தலை என் காது வரைக்கும் வந்துவிட்டது. அவள் சொன்னது சரி. பதினைந்து என்றால் நம்புவார்கள்.